சமையலறையில் எதுவரை உடைப்பது? 1994-இல் கட்டிய ஓர் அடுக்கக வீட்டின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் 1990-களில் எழும்பிய தரை + 3 மாடி அடுக்ககங்களின் சமையலறைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. செங்கல் தடுப்புகள் மேல் கடப்பாக் கல் மேடை, மேடைக்குக் கீழே கடப்பாத் தட்டுகள், மேடைக்கு மேல் 2 அடிக்கு வெள்ளை டைல்ஸ், 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண், மொசைக் தரை, ஒரே ஒரு 15 ஆம்ப் பிளக். முப்பது ஆண்டு உழைத்த பிறகு இந்தச் சமையலறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுது கேட்கின்றன. "எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போடுங்கள்" என்பார் மாடுலர் சமையலறைக் கடைக்காரர். "பெயிண்ட் அடித்துக் கதவு போட்டால் போதும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டுமே சமையலறையைச் சோதித்துப் பார்க்காமல் சொல்லும் பதில்கள்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அத்தகைய அடுக்ககத்தின் 2-ஆவது மாடி வீடு. சமையலறை 10 அடிக்கு 7½ அடி. கிழக்கே 9 இன்ச் வெளிச்சுவர், அதில் ஜன்னல்; அந்தச் சுவரை ஒட்டி 10 அடி நீளத்துக்கு மேடை ஓடுகிறது. குறுக்குச் சுவர் 4½ இன்ச். அதற்கு அப்பால் துவைக்கும் கல்லும் வாஷிங் மெஷினும் உள்ள சர்வீஸ் ஏரியா. அங்கே போகும் வாசல் நீங்கலாக மிஞ்சும் 5 அடியில் மேடை 'ட' வடிவில் திரும்பி, சிங்க்கோடு முடிகிறது. வீட்டில் நாலு பேர். சமைப்பவர்கள் இருவர்: 5 அடி 2 இன்ச் உயரமுள்ள பெண்மணி, 4 அடி 11 இன்ச் உயரமுள்ள அவருடைய மாமியார்.

குறைகள் ஆறு. காலையில் குழாயைத் திறந்தால் முதல் ஒரு குவளை தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. இண்டக்ஷன் அடுப்பு மாட்டும் பிளக் கருகிவிட்டது. கீழ்வீட்டுக் கூரையில் ஓதம். காய் நறுக்கினால் இடுப்பு வலி. மேடைக்கு அடியில் கரப்பான். பாத்திரம் வைக்க இடம் போதவில்லை.

மூன்று மதிப்பீடுகள் வந்தன. முதலாவது மேல்பூச்சு: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ், கடப்பாத் தட்டுகளுக்கு முன்னால் கதவுகள், ஒரு சிம்னி, பெயிண்ட். மூன்றாவது முழு உடைப்பு: மேடை, தரை, பரண் மூன்றையும் எடுத்து, ஹால் பக்கச் சுவரையும் தட்டித் திறந்த சமையலறை. நடுவில் இருந்தது தெளிவில்லாமல் "தேவையானதை மாற்றுதல்" என்று எழுதியிருந்தது. தேவையானது எது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆகவே முதல் வேலை அளப்பது. நாலைந்து நாள் பிடிக்கும். செலவு ஏறக்குறைய இல்லை.

தண்ணீர்ச் சோதனை

10 லிட்டர் வாளியைச் சமையலறைக் குழாயின் கீழ் வைத்து முழுதாகத் திறந்தால் நிரம்ப 160 விநாடி ஆனது. அதே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் சர்வீஸ் ஏரியாக் குழாயில் 50 விநாடி. தொட்டியும் உயரமும் ஒன்றே என்பதால் அழுத்தம் குறைவு என்று சொல்ல முடியாது, வழியில்தான் அடைப்பு. சர்வீஸ் ஏரியாக் குழாய் பிற்பாடு பிளாஸ்டிக்கில் மாற்றப்பட்டது. சமையலறைக்குப் போவது சுவருக்குள் புதைத்த பழைய ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். உட்புறத் துத்தநாகப் பூச்சு கரைந்ததும் துரு மேடு தட்டி, அரை இன்ச் குழாயின் துளை பென்சில் அளவுக்குச் சுருங்கிவிடும். இரவெல்லாம் நின்ற தண்ணீர் அந்தத் துருவைக் கரைத்துக்கொண்டு காலையில் வருகிறது. புதுக் குழாய்த் திருகு மாட்டினாலும் ஒரு சொட்டுக்கூட அதிகமாக வராது.

முதல் மதிப்பீடு இங்கேயே விழுந்துவிடுகிறது. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது தன்னளவில் தவறான முறை அல்ல. பழைய டைல்ஸ் தட்டினால் பொள்ளென்று ஒலிக்காமல் உறுதியாக இருந்தால், நல்ல ஒட்டுப்பசை அதைத் தாங்கும். ஆனால் அழுகும் குழாயை இரண்டு அடுக்கு டைல்ஸுக்குப் பின்னால் பூட்டி வைத்தால், குழாய் பொத்துக்கொள்ளும் நாளில் புது வேலையையும் சேர்த்துத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது

இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். ஆனால் மொத்த வேலையின் அளவையே அரைக்கு அரை குறைத்தது இதுதான். கீழ்வீட்டில் ஓதம் என்றதும் "தரை போய்விட்டது, முழுதாகக் கொத்தி வாட்டர்புரூஃபிங் செய்ய வேண்டும்" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. தரையை எடுத்தால் மேடையின் செங்கல் தடுப்புகளின் அடிப்பாகம் ஆடும். அதனால் மேடையும் போகும். புதுத் தரையின் மட்டம் மாறினால் வாசல்படியும் கதவும் மாறும். ஓர் ஓதத் திட்டு முழு உடைப்பாக வளர்வது இப்படித்தான்.

சோதனை இரண்டு பகுதி. கீழ்வீட்டாரிடம் சொல்லி, கூரையின் ஓதத் திட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட வேண்டும். முதல் நாள் சிங்க்கைத் தொடவே கூடாது. தரையின் நஹானி டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாய்) துணியும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடைத்து, வாசலில் ஈரமண் வரப்புக் கட்டி, 1 இன்ச் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்த வேண்டும். இந்த வீட்டில் பென்சில் கோடு அப்படியே இருந்தது. அதாவது மொசைக் தரையும் அதன் அடியிலுள்ள தளமும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு நாள் காயவிட்டு, தரையை நனைக்காமல் சிங்க்கை மட்டும் பயன்படுத்தி, கடைசியில் மஞ்சள் கரைத்த தண்ணீர் இரண்டு வாளி ஊற்றியதும், மறுநாள் ஓதம் கோட்டை ஒரு விரல் அகலம் தாண்டியது. சிங்க்குக்கு அடியில், கழிவுக் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி அரை அடி கொத்திப் பார்த்தபோது, குழாயின் வெளிப்புறக் கலவையில் மஞ்சள் கறை.

காரணம் எளிது. சிங்க்கின் வளைகுழாயைத் தரையில் புதைத்த ஒன்றரை இன்ச் பி.வி.சி. குழாயின் வாய்க்குள் சும்மா சொருகி, சுற்றிலும் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சிமென்ட் பி.வி.சி.யை ஒருபோதும் பிடிக்காது. சோறு வடித்த கொதிகஞ்சி தினம் இறங்கும்போது குழாய் விரிந்து சுருங்கி, சிமென்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை விரிசல் உண்டாகும். சிங்க் அடைத்துக்கொண்டு தண்ணீர் எதுக்களிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விரிசல் வழியே கசிந்து, தரைக் கலவைக்கும் தளத்துக்கும் இடையே படர்ந்து, கீழே தலைகாட்டுகிறது.

அப்படியானால் மாற்ற வேண்டியது தரையை அல்ல, கழிவு போகும் வழியை. சிங்க் நிற்கும் குறுக்குச் சுவரின் மறுபக்கம் சர்வீஸ் ஏரியா. சுவரில் 2½ இன்ச் ஓட்டை போட்டு, சிங்க்கின் கழிவை 4 அடி தூரத்திலுள்ள சர்வீஸ் ஏரியா டிராப்புக்குக் கொண்டுபோய்விடலாம். 40 இன்ச் நீளத்துக்கு 1 இன்ச் சரிவு என்ற கணக்கில், 4 அடிக்கு 1¼ இன்ச் இறக்கம் போதும். குழாய் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். அடைத்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். தரைக்குள் இருக்கும் பழைய வாயை மூடியால் அடைத்துக் கலவையிட்டு மூடிவிட வேண்டும்.

இந்த வசதி எல்லா வீட்டிலும் இருக்காது. சிங்க் வெளிச்சுவரிலோ சர்வீஸ் ஏரியாச் சுவரிலோ இல்லாத வீட்டில் இதே பழுது வந்தால், தரையில் ஓர் அடி அகலத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, டிராப்வரை புதுக் குழாய் பதித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் முழுத் தரையை எடுக்கத் தேவையில்லை. மொசைக் நிறம் ஒட்டாமல் ஒரு பட்டை தெரியும், அவ்வளவுதான்.

மின்சாரம்

கருகிய பிளக்குக்குப் போகும் ஒயர் பழைய கணக்கில் 'த்ரீ ட்வென்டி', அதாவது ஏறத்தாழ 2 சதுர மி.மீ. அதே ஒயரில் காலை ஏழரை மணிக்கு இண்டக்ஷன் 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1200 என எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக ஓடின. 230 வோல்ட்டில் அது 20 ஆம்ப்புக்கு மேல். 15 ஆம்ப் பிளக்கும் அந்த ஒயரும் தாங்காது. அப்படியானால் ஃபியூஸ் ஏன் போகவில்லை? யாரோ ஒரு சமயம் ஃபியூஸ் கட்டையில் இரட்டைக் கம்பி முறுக்கி வைத்திருக்கிறார். உருகவேண்டிய ஃபியூஸ் உருகாததால் பிளக் கருகியது. இது அழகுப் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை. பட்ஜெட்டில் எது குறைந்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

முடிவு: ஹாலில் உள்ள மெயின் பெட்டியிலிருந்து நாலு தனி லைன். இண்டக்ஷனுக்கு ஒன்று, மைக்ரோவேவ்–கெட்டிலுக்கு ஒன்று. இவ்விரண்டுக்கும் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர். ஃபிரிட்ஜுக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பானுக்கும் 2.5 சதுர மி.மீ.யில் மூன்றாவது. மிக்ஸி, கிரைண்டர், விளக்கு, எக்ஸாஸ்ட், பிற்காலச் சிம்னிக்கு நாலாவது. ஃபிரிட்ஜைத் தனியாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு: ஊருக்குப் போகும்போது மற்ற மூன்றையும் அணைத்துவிட்டு இதை மட்டும் விட்டுவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சுமை மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி.; எல்லாவற்றுக்கும் முன்னால் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஈரக்கையோடு மிக்ஸியைத் தொடும் இடத்தில் உயிரைக் காப்பது அந்தக் கடைசிக் கருவி. மெயின் பெட்டியிலிருந்து கடைசிப் பிளக்வரை ஏறத்தாழ 12 மீட்டர். 4 சதுர மி.மீ. ஒயர் 90 மீட்டர்ச் சுருள் ஒன்று தாராளம்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்தக் குழாயை வெட்டிப் பிளாஸ்டிக் போட்டால் எர்த் அறுந்துபோகும்; எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டேயிருப்பதால் யாருக்கும் தெரியாது. குழாயில் கைவைக்கும் முன் எலெக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்தே ஆக வேண்டும்.

மேடை உயரம்

பழைய மேடை 30 இன்ச். நின்று நறுக்க, முழங்கையை மடித்த உயரத்திலிருந்து 4 முதல் 6 இன்ச் கீழே பலகை இருப்பது வசதி. 5 அடி 2 இன்ச் உயரமுள்ளவருக்கு முழங்கை சுமார் 39 இன்ச்சில் இருக்கும். 33 முதல் 35 இன்ச் மேடை வேண்டும். மாமியாருக்கு 31 முதல் 33. இருவருக்கும் பொதுவானது 33. கணக்கை அப்படியே நம்பாமல், பழைய மேடை மேல் 3 இன்ச் உயரத்துக்குப் பலகைகளை அடுக்கி ஒரு வாரம் அதன்மேல் நறுக்கிப் பார்ப்பது நல்லது. இந்த வீட்டில் மூன்றாம் நாளே இருவரும் பலகையை எடுக்க விடவில்லை.

ஆனால் அடுப்பின் கணக்கு வேறு. அடுப்பே 4 இன்ச், அதன்மேல் குக்கர் 8 இன்ச். 33 இன்ச் மேடையில் வைத்தால் குக்கரின் வாய் 45 இன்ச்சுக்குப் போய்விடும். மாமியார் சாம்பாரைக் கிளற முழங்கையைத் தோளுயரத்துக்குத் தூக்க வேண்டிவரும். நம் சமையலில் கிளறலும் புரட்டலும் அதிகம். எல்லா மேடையையும் ஒரே உயரத்தில் போடும் மாடுலர் வழக்கம் இங்கே பொருந்தாது.

இந்த வேறுபாடு வேலையையும் குறைத்தது. சிங்க் உள்ள 5 அடிப் பகுதியைக் குழாய் மாற்ற எப்படியும் எடுத்தாக வேண்டும். அதை மட்டும் 33 இன்ச்சில் திரும்பக் கட்டலாம். அடுப்பு உள்ள 8 அடியில் பழைய கடப்பாவை அசைக்காமல், அதன்மேல் 20 மி.மீ. கலவையும் 18 மி.மீ. கிரானைட்டும் பதித்தால் 31½ இன்ச். அடுப்புக்கு அது சரியான உயரம். நடுவில் ஒன்றரை இன்ச் படி விழும். சிங்க்கிலிருந்து சிந்தும் தண்ணீர் அந்தப் படி வழியே அடுப்புப் பக்கம் வழியாமலிருக்க, மேல்மட்டத்தின் விளிம்பில் கால் இன்ச் உயரத்துக்குக் கிரானைட் வரம்பு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அடுப்பின் கால்கள் எப்போதும் ஈரத்தில் நிற்கும்.

முழு உடைப்புக்கு ஆதரவான வாதம்

நியாயமாகப் பார்த்தால் மூன்றாவது மதிப்பீட்டிலும் ஒரு வலுவான வாதம் இருந்தது. 8 அடி மேடையின் அடியில் மூன்று செங்கல் தடுப்புகள். பூச்சோடு ஒவ்வொன்றும் 5½ இன்ச். 96 இன்ச்சில் 16 இன்ச்சுக்கு மேல் தடுப்பே தின்றுவிடுகிறது. அறைகளின் அகலமும் ஒன்றுபோல் இல்லை. கடையில் தயாராக விற்கும் டிராயர் பெட்டிகள் எதுவும் நுழையாது. எல்லாவற்றையும் எடுத்துப் பலகைப் பெட்டிகள் வைத்தால் ஒரு டிராயர் அகலம் கூடுதலாகக் கிடைக்கும்.

அதற்கு எதிராக நின்றவை இரண்டு. ஒன்று, சென்னைக் காற்றின் ஈரமும் உப்பும். சிங்க்குக்கு அடியில் துகள்பலகை ஒரு கசிவைத் தாங்காது. உப்பி, ஆணி பிடிப்பு விட்டு, கதவு தொங்கிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் தாங்கும், ஆனால் வெட்டிய விளிம்பெல்லாம் பட்டை ஒட்டி மூடினால்தான். செங்கல்லும் கடப்பாவும் எந்தப் பட்டையும் இல்லாமல் முப்பது ஆண்டு தாங்கியிருக்கின்றன. இரண்டாவது, டிராயர் எல்லா அறைக்கும் தேவைப்படவில்லை. பொருள்களைக் கணக்கெடுத்தபோது, தினம் கைபோகும் பாத்திரங்களும் மளிகையும் இரண்டு டிராயர் அடுக்கில் அடங்கின. ஆசாரி அந்த இரண்டு அறைகளை நேரில் அளந்து டிராயர் செய்தார். மற்றவை கடப்பாத் தட்டும் கதவுமாக நின்றன. கம்பிக் கூடை வாங்கினால் எஸ்.எஸ். 304 (துருவை எதிர்க்கும் எஃகு வகை) என்று கேட்டு வாங்க வேண்டும். 202 வகை கடலோர ஊரில் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

ஹால் சுவரைத் திறப்பது அதிகம் விவாதிக்கப்படாமலே கைவிடப்பட்டது. 4½ இன்ச் சுவர் என்பதால் மேலே பீம் இருக்கக்கூடும். ஆனால் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் யாரும் கைவைக்கக் கூடாத இடம் அது. மெயின் பெட்டிக்கு வரும் ஒயர்கள் அந்தச் சுவருக்குள்தான் வருகின்றன. தினமும் தாளிக்கும் வீட்டில் கடுகு வெடிக்கும் புகை சோபாவில் படியும் என்பது வேறு.

தரை மொசைக், பாலிஷ் போட்டால் புதிது. அதன்மேல் 2 இன்ச் கலவையில் டைல்ஸ் போட்டால் 75 சதுர அடிக்குத் தளத்தின் மேல் 700 கிலோவுக்கு மேல் கூடும், சமையலறை ஹாலைவிட உயர்ந்தும் நிற்கும்.

பரணின் அடிப்புறத்தில் சர்வீஸ் ஏரியா முனையில் 3 அடிக்குப் பழுப்புக் கோடு. கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுவதன் அடையாளம் அது. பரண் முழுக்க இப்படி இருந்தால் எடுத்துவிடுவதே சரி. இங்கே 3 அடிதான் என்பதால், உதிரும் கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தி, கம்பிப் பிரஷ்ஷால் வெள்ளைக் கம்பி தெரியத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையை இரண்டு தடவையாக அழுத்திப் பூச வேண்டும். வெறும் சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் இரண்டு மழைக்காலத்தில் திரும்ப வெடிக்கும்.

முடிவெடுத்த கோடு

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: இதை ஐந்து வருடம் கழித்துச் செய்தால் வேறு எதை உடைக்க வேண்டும்? சிம்னி, கதவு, விளக்கு, பெயிண்ட், குழாய்த் திருகு எதற்கும் எதையும் உடைக்க வேண்டாம். கையில் பணம் வரும்போது செய்யலாம். தண்ணீர்க் குழாய், ஒயர், கழிவு வழி, மேடை உயரம் நாலும் அப்படியல்ல; டைல்ஸும் கிரானைட்டும் போட்ட பிறகு ஒவ்வொன்றும் புது வேலையைப் பாழாக்கும். ஆகவே பணம் முதலில் புதையும் பொருளுக்கு. சிம்னிக்கு அதனால்தான் இப்போது பிளக்கும், வெளிச்சுவரில் கோர் கட்டர் (வட்டமாகத் துளைக்கும் கருவி) கொண்டு எடுத்து மூடிவைத்த 6 இன்ச் ஓட்டையும் மட்டும். புகைக்கு 12 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன்.

ரூபாய்க் கணக்கை இங்கே தராததற்குக் காரணம், விலை தெருவுக்குத் தெரு மாறுகிறது. அளவுகள் கையில் இருந்தால் எந்த மதிப்பீட்டையும் ஒப்பிடலாம். இந்த வேலைக்கு: கிரானைட் 26 சதுர அடி, வெட்டுச் சேதாரத்தோடு 30. சுவர் டைல்ஸ் 35 சதுர அடி. இடிபாடு சிமென்ட் சாக்கில் சுமார் 20 மூட்டை. முழு உடைப்பில் அது 70-ஐத் தாண்டியிருக்கும், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி இறக்க வேண்டும். மதிப்பீட்டில் "சமையலறை வேலை மொத்தம்" என்று ஒரே தொகை எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, கிரானைட் தடிமன், பிளைவுட் முத்திரை, ஒயர் அளவு, இடிபாட்டை யார் அகற்றுவது என்று பிரித்து எழுதி வாங்க வேண்டும். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கையிருப்பு. பழைய சுவர் ஏதாவது ஒன்றை ஒளித்து வைத்தேயிருக்கும்.

செய்த வரிசையும் நேர்ந்த தவறுகளும்

முதல் இரண்டு நாள் இடிப்பு. சிங்க் பகுதிக் கடப்பாவைச் சுத்தியலால் அடித்தே எடுத்தார்கள். அது தவறு. கல் சுவருக்குள் 2 இன்ச் புதைந்திருந்தது. அடிக்கும் அதிர்ச்சி 4½ இன்ச் சுவரைக் கடந்து, சர்வீஸ் ஏரியாப் பக்கம் 12 சதுர அடிப் பூச்சு மொத்தமாகக் கழன்று விழுந்தது. சுவரோடு சேரும் கோட்டில் முதலில் கட்டிங் மெஷினால் அறுத்துவிட்டு, பிறகு கல்லைத் துண்டு துண்டாக எடுத்திருக்க வேண்டும். கையிருப்பில் முதல் செலவு இதுதான்.

மூன்றாம் நாள் காடி வெட்டல். மெல்லிய சுவரில் காடியைச் செங்குத்தாகவே இறக்க வேண்டும். படுக்கைவசமாக நீள வெட்டினால் சுவர் அந்தக் கோட்டில் பலவீனப்படும். தூண், பீம், லிண்டலில் காடியே கூடாது. தண்ணீருக்கு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய்: சர்வீஸ் ஏரியாவில் இறங்கும் குழாயிலிருந்து முக்கால் இன்ச், சிங்க்கருகே அரை இன்ச். வெயில் படும் பகுதிக்குத் தண்ணீரில் கரையும் பெயிண்ட் பூச வேண்டும். இல்லாவிட்டால் குழாய் நொறுங்கும் தன்மை அடையும். திருகுகள் வரும் இடத்தில் பித்தளை மரையுள்ள இணைப்பு. அதையும் ரெஞ்சால் மிதமிஞ்சி முறுக்கினால் பிளாஸ்டிக் உடல் பிளந்துவிடும். கைவிட்ட ஜி.ஐ. குழாயை இரு முனையிலும் அடைக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் அடைத்தால் பிறகு எங்கோ சுவரில் தண்ணீர் பூக்கும், யாருக்கும் காரணம் தெரியாது.

ஒட்டுப்பசை காய ஒரு நாள் விட்டு, கைப்பம்ப்பில் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு முள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே காடியை மூடினார்கள். இதைப் பல இடங்களில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள், அனுமதிக்கவே கூடாது.

பூச்சுக்குப் பின் 7 நாள் தண்ணீர் விட்டு ஆற்றினார்கள். அந்த வாரம் வீணல்ல: ஒயர் இழுப்பது, பரண் பழுது எல்லாம் அப்போதுதான். அதற்குப் பிறகு கிரானைட். சிங்க்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் கல்லை வெட்டக் கொடுக்க வேண்டும். படத்தைப் பார்த்து வெட்டினால் கால் இன்ச் தவறும். வெட்டிய துளைக்கு முன்னால் குறைந்தது 2½ இன்ச் கல் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மூலையில் விரிசல் விடும். மூலைகளைச் செங்கோணமாக வெட்டாமல் வளைத்து வெட்டுவதும் அதற்காகவே. தூக்கும்போது பலகைபோலப் படுக்கவைக்காமல் செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். மேசைக் கிரைண்டர் வைக்கும் இடம் செங்கல் தடுப்புக்கு நேர் மேலே இருக்கட்டும்.

கிரானைட்டுக்குப் பிறகுதான் சுவர் டைல்ஸ். டைல்ஸ் கல்லின் மேல் உட்கார வேண்டும். கல் டைல்ஸில் போய் முட்டினால் இணைப்பில் இறங்கும் தண்ணீர் நேராகச் சுவருக்குள் போகும். சிங்க்கைச் சுற்றியும் அடுப்புக்குப் பின்னும் எபாக்சி இணைப்புக் கலவை. சிமென்ட் கலவை மஞ்சளைக் குடித்துவிட்டால் திரும்பக் கொடுக்காது.

எரிவாயு உருளைக்கு அடுப்பை ஒட்டிய அறை. 14.2 கிலோ உருளை ஏறத்தாழ 25 இன்ச் உயரம். ரெகுலேட்டரைத் திருப்பக் கை நுழைய வேண்டும். ஆகவே அந்த அறையில் மட்டும் நடுத்தட்டையும் அடித்திட்டையும் எடுத்துவிட்டார்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். கதவின் அடியில் இடைவெளிப் பட்டிகள் அவசியம். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்குள், சுவரைத் துளைத்துப் போகாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி கண்ணில் படும் இடத்தில்.

கரப்பானுக்குத் தனி வேலை எதுவும் தேவைப்படவில்லை. பழைய கழிவு வாயை மூடியதும், குழாய் ஓட்டைகளைக் கலவையால் அடைத்ததும், டிராப்புக்கு மூடும் ஜாலி போட்டதுமே பெரும்பகுதியைத் தீர்த்தன.

மொத்தம் நாலு வாரம். சமையலறை அறவே இல்லாத நாள்கள் 18. ஹாலின் 16 ஆம்ப் பிளக்கில் இண்டக்ஷன், சர்வீஸ் ஏரியாவில் பாத்திரம் கழுவல் என்று வீடு ஓடியது.

கணக்கு மாறும் இடங்கள்

தண்ணீர் நிறுத்திய சோதனையில் பென்சில் கோடு தாண்டியிருந்தால் தரையை எடுத்திருக்க வேண்டும். தரை போனால் மேடையைக் காப்பாற்றுவதில் பொருளில்லை, முழு உடைப்பே மலிவு. குளியலறைக் குழாய்களும் அதே பழைய ஜி.ஐ. என்றால் இரண்டையும் ஒரே பிளம்பர், ஒரே இடிப்பில் முடிப்பது நல்லது. இரண்டு மூன்று ஆண்டில் விற்கப்போகும் வீடானால் ஒயரையும் கழிவு வழியையும் மட்டும் சரிசெய்து, மேடையைத் தொடாமல் விடலாம். சக்கர நாற்காலி வரவேண்டிய வீட்டில் மேடைக்கு அடியிலுள்ள தடுப்புகளே முதல் எதிரி. அங்கே இந்த ஆய்வின் முடிவு தலைகீழாகும்.

வேலை முடிந்து ஒரு மாதத்தில் திரும்ப அளந்தபோது, 10 லிட்டர் வாளி 55 விநாடியில் நிரம்பியது. கீழ்வீட்டுக் கூரையை உடனே பெயிண்ட் அடிக்கவில்லை. தளத்துக்குள் தேங்கிய ஈரம் வெளியேற ஆறு வாரம் விட்டு, கோடு நகரவில்லை என்று பார்த்த பிறகே பட்டி பார்த்தார்கள். காடிகளை மூடும் முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்துப் பிடித்து எடுத்த படங்கள் அச்சிடப்பட்டு, மெயின் பெட்டிக் கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டப்பட்டிருக்கின்றன: சிங்க்குக்கு மேலே தரையிலிருந்து 45 இன்ச் உயரத்தில், வாசல் நிலையிலிருந்து 22 இன்ச் தள்ளி, அரை இன்ச் குழாய். சுவரில் ஆணி அடிக்க வருபவர் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.